எழுபத்திரண்டில் ஒன்று

குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரே வீட்டில் மாடியில் கீபோர்டு வகுப்பும் கீழே பாட்டு வகுப்பும் நடக்கின்றன. போன மாதம் கீழே ஒரு சிறுமி கோடீஸ்வர ஐயரின் ரசிகப்பிரியா ராகக் கிருதியான ‘அருள் செய்ய வேண்டும் அய்யா’வைப் பழகிக்கொண்டிருந்தாள். ஷட்சுருதி ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஏறும் இடம் மட்டும் பிடிபடவில்லை. ஒரு கட்டை சுருதி வைத்தால் கீபோர்டில் அது ஒரு கறுப்புக் கட்டை, அடுத்தது ஒரு வெள்ளைக் கட்டை, அழுத்தினால் வந்துவிடும். குரலிலோ ரிஷபத்தைச் சற்று அசைத்தாலே காந்தாரத்தில் இடிக்கிறது; அசைக்காமல் விட்டால் உயிரில்லாமல் நிற்கிறது.

விவாதி ராகங்களின் சிக்கல் இதுதான். 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், 40 இந்த வகை. பாடினால் தோஷம் என்று வித்வான்கள் பலர் ஒதுக்கினார்கள். கவி குஞ்சர பாரதியின் பேரரான கோடீஸ்வர ஐயர் ஒதுக்கவில்லை. 72 மேளங்களிலும் தனித்தனிக் கிருதிகளைத் தமிழில் செய்தார். ‘கந்த கானாமுதம்’ அதுதான். 1936-ல் அவர் மறைந்தபின் சங்கீத மும்மூர்த்திகளின் நிழலில் அது கிடந்தது. அதை விடாமல் பாடி, சொல்லிக்கொடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் எஸ். ராஜம். நம் பூஜையறைகளில் இருக்கும் மும்மூர்த்திகளின் படத்துக்கு முகம் கொடுத்த ஓவியரும் அவரே. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

இந்த மீட்பால் கிடைத்தது பெரிது. பாட்டு இல்லாத ராகம் வெறும் ஸ்வரவரிசை. ஐயர் பாட்டைக் கொடுத்தார், ராஜம் அதைக் காதில் ஏற்றினார், தோஷ பயமும் தணிந்தது.

ஆனால் ‘எழுபத்திரண்டு’ என்ற எண்ணே இப்போது அவருக்குப் பாரமாகிவிட்டது. அவர் பெயரைச் சொன்னாலே எல்லாரும் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். வரிசையாக 72-ஐயும் பாடி முடிப்பது சாதனையாகிறது. ஒவ்வொரு கிருதியும் அந்தந்த ராகத்துக்கு மாதிரித் துண்டு போல வந்து போகிறது. இதில் ஐயருக்கும் பங்குண்டு. ராகத்தின் பெயரை சாகித்தியத்துக்குள் பொதிந்தே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தில் சில இடங்களில் சொல் நெளிகிறது.

பாரிசில் ஷோபேனின் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த இசையமைப்பாளர் அல்கானுக்கும் இதேதான் நடந்தது. மேஜர் சுருதிகள் பன்னிரண்டுக்கும் ஒரு தொகுதி, மைனருக்கு 1857-ல் இன்னொரு தொகுதி என்று பியானோவுக்கு எழுதினார். நூறாண்டு கழித்து பியானோக் கலைஞர்கள் ரேமண்ட் லூவென்தாலும் ரொனால்ட் ஸ்மித்தும் அவரை மீட்டார்கள். ஆனால் அவர் இசை ‘வாசிக்கவே முடியாதது’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய சின்னஞ்சிறு, அமைதியான ‘எஸ்கீஸ்’களுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. அதுபோலத்தான் இங்கும்: மேள வரிசைக்கு வெளியே ஐயர் செய்த ஹம்சத்வனி ‘வாரணமுக வா’வையும் பிலஹரி ‘இனி நமக்கொரு கவலையும் இல்லை’யையும் கேட்டால் அவர் எவ்வளவு தளர்வாக, மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று தெரியும். கணக்குப் பார்க்கிறவருக்கு அந்த ஐயர் தட்டுப்படுவதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அரிய கிருதிகள் பலவற்றுக்கு ராஜத்தின் பாடமே நமக்கு ஒரே வழி. அதை அப்படியே நகலெடுப்பது பக்தி. ஆனால் கிருதி வளர்வதற்கு நாலு குரலில் நாலு விதமாக அடிபட வேண்டும். ரசிகப்பிரியா இன்று நிலைத்திருப்பது பலர் மேடையில் அதை விரித்து, நிரவல் வரை இழுத்துப் பார்த்ததால்தான். தாம்பரம், நங்கநல்லூர் சபாக்களில் ஒரு மார்கழி முழுக்க 72-ஐயும் வைப்பதைவிட, ஒரே ஒரு விவாதி கிருதியைப் பத்துப் பேர் பாடக் கேட்கவே எனக்கு ஆசை.

கீழ் வீட்டு ஆசிரியை கடைசியில், “ரிஷபத்தை ஆட்டாதே கண்ணு, காந்தாரத்துலேருந்து தொட்டுட்டு வா” என்றார். மறுநாள் சாயங்காலம் அந்த இடம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பத்து நாள் அந்தப் பல்லவியையே பாடிக்கொண்டிருந்தாள்.