சாக்கில் தொங்கும் தீவனம்

ஆந்திராவில் கொல்லேறு ஏரியை ஒட்டிய கைகலூர், ஆகிவீடு வட்டாரத்தில் மீன் குளங்களின் காலை வேலை ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. பழைய உரச்சாக்கின் அடிப்பகுதியில் துளைகள் இட்டு, எண்ணெய் எடுத்த தவிட்டையும் புண்ணாக்கையும் நிரப்பி, தோணியில் போய்க் குளத்தில் நட்ட கம்புகளில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ரோகு மீன்கள் கூட்டமாக வந்து துளைகளை முட்டி உறிஞ்சுகின்றன. சில மணி நேரத்தில் சாக்கு காலியாகிவிடும். கெண்டை வளர்ப்பின் அன்றாடப் பராமரிப்பில் இந்தியா கண்ட எளிய, மலிவான முறைகளில் இது ஒன்று. தமிழ்நாட்டுக் குளங்களுக்கும் இது பரவியிருக்கிறது.

இதன் பெரிய பலன் கணக்கு. தவிட்டை வாரி இறைத்தால் மீன் தின்றது எவ்வளவு, சேற்றில் அழுகியது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சாக்கில் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். மறுநாள் அளவைக் குறைக்கலாம். குஞ்சுப் பருவத்தில் உடல் எடையில் 5 சதவீதம், வளர்ந்தபின் 2 சதவீதம் என்ற அட்டவணையைவிட அந்த மிச்சம் உண்மைக்கு நெருக்கமானது. உப்பு, தாது உப்புக் கலவை, மருந்து எதையும் வீணாக்காமல் கொடுக்கவும் வழி உண்டு.

ஆனால் இது ரோகுவுக்காகப் பிறந்த முறை. கொல்லேறு விவசாயிகள் ரோகுவைப் பெரும்பான்மையாகவும் கட்லாவைக் கொஞ்சமாகவும் விட்டு, பெரும்பாலும் மற்ற இனங்களைக் கைவிட்டவர்கள். அதிலும், நெருக்கமாக வைத்து வளர்ச்சியை மட்டுப்படுத்திய, நூறு கிராமைத் தாண்டிய மீன்களையே இருப்புச் செய்கிறார்கள். ஆறு வகைக் கெண்டைகளை விரலளவுக் குஞ்சாக விடும் குளத்தில் நிலைமை வேறு. மேல்மட்டத்தில் மிதவை உயிரிகளை வடித்துத் தின்னும் கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் சாக்கை நம்பி வளர்வதில்லை. புல்கெண்டைக்குத் தினமும் புல் வெட்டிப் போட்டாக வேண்டும். முந்திக்கொண்ட பெரிய மீன்கள் சாக்கை அடைத்துக்கொள்ள, சிறியவை பின்தங்கும். மாதம் ஒருமுறை வலை வீசி எடை பார்க்காதவருக்கு இது அறுவடை நாளில்தான் தெரியவரும்.

தீவனத்தின் தரமும் ஒரு குறை. எண்ணெய் எடுத்த தவிட்டில் புரதம் 15 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்; வளரும் கெண்டைக்கு 25 முதல் 30 சதவீதம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பும் புண்ணாக்கைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துவது மிச்சமே இல்லை.

கவலைப்பட வேண்டியது இன்னொன்று. சாக்கு மீனின் பசியைக் காட்டும். தண்ணீரின் நிலையைக் காட்டாது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிட, பாசியும் மீனும் சேற்று நுண்ணுயிரிகளும் சேர்ந்து உயிர்வளியைத் தீர்க்கின்றன. அது மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்பு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது, 3க்குக் கீழே போனால் மீன் திணறும். வெயில் ஏறியபின் வந்து சாக்குக் கட்டுபவர் அந்த நேரத்தைப் பார்ப்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மேகம் மூடியிருக்கும்போது, சாக்கில் தீவனம் மிஞ்சுவதே அவருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. மீன் அதற்கு முன்பே திணறத் தொடங்கியிருக்கும். விடியலில் கரையைச் சுற்றி நடந்தால், மேலே வந்து வாய் பிளக்கும் மீன்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடும். அன்று சாக்கே கட்டக்கூடாது. பம்பை ஓடவிட்டுப் புதுநீர் பாய்ச்ச வேண்டும். முழங்கை வரை கையை நீருக்குள் விட்டுப் பார்ப்பது இன்னொரு எளிய சோதனை: உள்ளங்கை அதற்கு முன்பே மறைந்தால் பாசி மிகுதி, சாணமும் உரமும் நிறுத்த வேண்டிய நேரம் அது.

மீன் பேன் தொல்லையில் சாக்குமுறைக்கே ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பேன் முட்டையிடுவது மீனின் மேல் அல்ல, நீருக்குள் இருக்கும் கம்பு, கல் போன்ற கெட்டியான பொருள்களில். ஆண்டுக்கணக்கில் பிடுங்காத கம்புகள் அதற்கு வசதியான இடம்; சாக்கைச் சுற்றி நெருங்கும் கூட்டம் அது தொற்ற வசதியான நேரம். பூச்சிமருந்தைக் குளத்தில் கலப்பதற்கு முன், கம்புகளை மாற்றி மாற்றிக் கரையேற்றி நன்றாகக் காயவைக்கலாம். காலியான சாக்குகளையும் அன்றன்றே அலசி வெயிலில் போடலாம். செலவு இல்லாத வேலை என்பதாலேயே இது தள்ளிப்போகிறது.

மிதவைத் தீவனம் இப்போது சாக்குக்குப் போட்டியாக வளர்கிறது. மீன் மேலே வந்து தின்பதைக் கண்ணால் பார்க்கலாம், புரதமும் சீராக இருக்கும். விலைதான் சிறு விவசாயியைத் தயங்க வைக்கிறது. அவருக்குச் சாக்கு இன்னும் நல்ல கருவிதான். விடியலில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பாதி அளவைக் கட்டி, இரண்டு மணி நேரம் கழித்து மீதியைக் கட்டுவதா என்று முடிவெடுத்தால் அதன் குறைகளில் பெரும்பகுதி அடங்கிவிடும்.