திருப்பூர் காட்டும் அபிவிருத்தி

ஏழை நாடுகள் முன்னேறுவதற்கு உதவிப்பணத்தைக் காட்டிலும் ஏற்றுமதி வியாபாரமே உற்ற வழி என்று சர்வதேச மன்றங்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவரும் சித்தாந்தத்தைப் பரீட்சித்துப் பார்க்க விரும்புவோர்க்குக் கொங்கு நாட்டுத் திருப்பூரைக் காட்டிலும் தகுந்த களம் கிடைப்பது அரிது.

அவ்வழியின் சிறப்பை முதலில் சொல்லுவதே நியாயம். மானாவாரிக் காட்டிலும் கிணற்றுப் பாசனத்திலும் பாடுபட்ட குடியானவர் வீட்டுப் பிள்ளைகள், உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைத்த சிறு கம்பெனிகளில் தொழில் பழகி, உற்றார் உறவினரோடு பங்கு சேர்ந்து முதல் திரட்டி, 1970-களின் பிற்பகுதியில் ஐரோப்பிய வியாபாரிகள் தேடி வந்தபோது ஏற்றுமதியில் துணிந்து இறங்கினார்கள். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் என வேலையைப் பகுத்துக்கொண்டு ஊர் முழுவதும் ஒரே ஆலையாக இயங்கியது. தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் சனிக்கிழமைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தினார்கள். கூலி கையில் பெற்ற பெண்களின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டாயிற்று. எந்த உதவித் திட்டமும் இதற்கு ஈடாகாது.

ஆயினும் இந்த வியாபாரத்தில் உருப்படிக்கு விலை வைப்பவர் அதனைத் தைப்பவர் அல்லர். தொழிலாளர் நலத்துக்கும் சுற்றுப்புறத் தூய்மைக்கும் சான்றிதழ் கேட்கும் அயல்நாட்டு நிறுவனமே மறு ஆர்டரில் விலையைக் குறைக்கவும் கேட்கிறது. அந்தக் குறைவை ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் செய்பவர்மீதும், அவர் பீஸ் ரேட் தொழிலாளிமீதும் இறக்குகிறார். தொழிலாளிக்கு இறக்கிவைக்க இடமில்லை.

மிகப் பெரிய பாரத்தை நொய்யல் ஆறு சுமந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு உப்பு ஏராளமாக வேண்டும்; அவ்வுப்போ துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறிவிடும். சாயப்பட்டறைகள் அதனை ஆற்றில் விட்டன. பாசனத்துக்கென 1992-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கிணறுகள் உப்புக் கரித்தன. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இந்தக் குற்றத்தை அயல்நாட்டார்மீது மட்டும் சுமத்துவது தர்மமாகாது. பணக்கார தேசம் ஏழை தேசத்துக்கு இழைத்த அநீதியையே மேலூர்ப் பட்டறைக்காரர் கீழூர் உழவருக்கு இழைத்தனர் என்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இன்று மீண்டும் இயங்கும் பட்டறைகளில் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி, நீரையும் உப்பையும் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு நடந்துவருகிறது. பெருமைக்குரிய இந்தச் செலவினைப் பொருளின் விலையில் ஏற்றிக்கொள்ள உலகச் சந்தை எளிதில் சம்மதிப்பதில்லை. இதே வியாபாரத்தில் போட்டியிடும் வங்கதேசத்துக்குப் பின்தங்கிய நாடு என்னும் முறையில் ஐரோப்பா அளித்த சுங்கச் சலுகை தகுதியானதே. ஆனால் இரண்டு ஏழை ஊர்களைப் போட்டியிடச் செய்து மலிவை அறுவடை செய்வது வாங்குவோர் அன்றோ? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது ஐம்பது சதவீதம் வரை வரி விதித்தபோது, தொலைதூரத் தலைநகர் ஒன்றின் தீர்மானம் இவ்வூரின் பிழைப்பையே அசைத்தது.

ஆகவே, ஏற்றுமதித் தொகையை மாத்திரம் அபிவிருத்தியின் அளவுகோலாகக் கொள்வதை நாம் கைவிட வேண்டும். கூலியும் தண்ணீரும் அடங்கிய குறைந்தபட்ச விலையை, தைத்து அனுப்பும் நாடுகள் தமக்குள் போட்டியிடாமல் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். அந்த விலை கிடைக்குமாயின், பிறர் தானத்தை எதிர்பார்க்க வேண்டிய நிலை திருப்பூருக்கும் வராது, டாக்காவுக்கும் வராது.