எல்லாவற்றையும் அழகாக்கும் கண்ணாடி

வெசாக் நாட்களில் பதுளை டவுனுக்குப் பந்தல் பார்க்கப் போகிறவர்களில் பலர் பலகையில் வரைந்திருக்கும் ஜாதகக் கதையை விட, அதைச் சுற்றி ஓடும் விளக்குகளைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் ஒரு பூ விரியும். அது வளையமாகி ஓரத்துக்கு ஓடும். ஓரம் அணையும்போது நடுவில் மறுபடி ஒன்று பிறக்கும். இதே ஓட்டம் இப்போது தோட்டத்துக் கோயில் திருவிழா மேடைகளின் எல்.ஈ.டி. திரைகளுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் வந்துவிட்டது. பல்புகளுக்குப் பதிலாக ஒரு போட்டோவைத் துண்டுபோட்டு, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அடுக்கி, சுழல விட்ட கலைடாஸ்கோப் அசைபடங்கள் அவை. படத்திருத்த மென்பொருள் தெரிந்த எந்த இளைஞரும் ஒரு மாலையில் செய்துவிடலாம். செய்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் கறாராகவே பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஸ்கொட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1816இல் கலைடாஸ்கோப் கருவியைக் கண்டுபிடித்து, 1817இல் காப்புரிமையும் பெற்றார். கம்பளம் நெய்பவர்களுக்கும் கண்ணாடி யன்னல் செய்பவர்களுக்கும் வடிவங்களை உற்பத்தி செய்து தரும் இயந்திரமாகவும் அவர் அதை நினைத்தார். விதி எளிமையானது. கருவிக்குள் இருக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையிலான கோணம் 360 பாகையை இரட்டை எண்ணால் வகுத்து வருவதாக இருக்கவேண்டும். 60 பாகை வைத்தால் ஆறு கூறு, 45 வைத்தால் எட்டு, 30 வைத்தால் பன்னிரண்டு. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளின் 2.10ஆம் பதிப்பில் டிஸ்டார்ட்ஸ் பட்டியலுக்குள் கலைடாஸ்கோப் என்றே ஒரு ஃபில்டர் இருக்கிறது. கண்ணாடிகள் எத்தனை, மையம் எங்கே என்று இழுத்துவிட்டால் போதும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத லயத்து வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. வரையத் தெரியாது என்று ஒதுங்கி நின்ற கைக்கு, வடிவம் என்றால் என்ன, மையம் என்றால் என்ன என்று காட்டிக்கொடுக்கும் வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு சீக்கிரம் பலன் தராது.

ஆனால் ஃபில்டரை ஒதுக்கிவிட்டுக் கையால் ஒருமுறை செய்து பார்த்தால்தான் உள்ளே நடப்பது புரியும். ஒரு கொழுந்தின் போட்டோவை எடுத்துக்கொள்வோம்: இரண்டு இலை, ஒரு மொட்டு. அதிலிருந்து 30 பாகை ஆப்பு ஒன்றை வெட்டி, நகலெடுத்து, ஒன்றைக் கண்ணாடிபோலத் திருப்பி ஒட்டினால் 60 பாகை ஜோடி. அந்த ஜோடியை ஆறு தடவை சுற்றிவைத்தால் வட்டம் நிறைந்துவிடும். இலையின் நடு நரம்பு வெட்டுக் கோட்டைச் செங்குத்தாகச் சந்தித்தால் மையத்தைச் சுற்றி முறிவில்லாத வளையம் வரும். சாய்ந்து சந்தித்தால் நட்சத்திர முனைகள் வரும். கோட்டுக்கு இணையாகவே ஓடினால் இரட்டைக் கம்பி போட்ட சக்கரம். ஒரே இலை, ஒரே நரம்பு. ஆப்பை எந்தப் பக்கம் சாய்த்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒட்டுகளில் மயிரிழை போல வெளிச்சக் கோடு விழும். ஆப்பை ஒரு துளி அகலமாக வெட்டினால் அது மறைந்துவிடும். இந்த இடத்தில் கை வைத்துப் பழகியவரின் வேலையையும், ஃபில்டரை மட்டும் அமுக்கியவரின் வேலையையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.

அசைவில்தான் பெரும்பாலானவை சறுக்குகின்றன. முடிந்த வடிவத்தை அப்படியே சுழற்றுவது சுலபம். ஆறு ஜோடிகள் கொண்ட அந்த வடிவம் 60 பாகை திரும்பியதும் பழைய நிலைக்கே வந்துவிடும் என்பதால் 24 சட்டங்களில் (ஃப்ரேம்களில்), சட்டத்துக்கு இரண்டரைப் பாகை வீதம், தொடக்கமும் முடிவும் தெரியாத சுழற்சி கிடைத்துவிடும். கிடைப்பது என்னவோ ஒரு சக்கரம் மட்டும்தான். கலைடாஸ்கோப்பின் உயிர் அதில் இல்லை. கண்ணாடிகள் அசையாமல் நிற்க, அவற்றின் கீழே போட்டோ நகரவேண்டும். அப்போதுதான் வெட்டுக் கோட்டில் ஒரு புள்ளி பிறந்து இரண்டாகும், இரண்டு இதழ் நெருங்கி ஒன்றாகிக் காணாமற்போகும். இதுவும் தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஓடப் போட்டோ முழு வட்டம் சுற்றி வரவேண்டும். சட்டத்துக்கு ஐந்து பாகை என்றாலும் 72 சட்டங்கள். ஒவ்வொன்றும் 80 மில்லி செக்கன் நின்றால் ஆறு செக்கனுக்குச் சற்றுக் குறைவாக ஓடும். உழைப்பு கூடும், கோப்பும் பருக்கும். இந்த உழைப்பைச் செய்யாமல் விட்டவைதான் நாம் அதிகம் பார்ப்பவை.

இன்னொரு குறை வடிவமைப்பாளர் மீது சொல்லக்கூடியதல்ல. அசைபடங்களைச் சேமிக்க உதவும், 1987இல் வந்த ஜிஃப் கோப்பு ஒரு சட்டத்தில் 256 நிறங்களுக்கு மேல் தாங்காது. குங்குமம், மஞ்சள், சேலைக் கரை போன்ற அழுத்தமான நிறங்களுக்கு அது போதும். நமுணுகுலைப் பக்கம் காலையில் இறங்கும் பனிமூட்டத்தையோ, கொழுந்துப் பச்சையிலிருந்து முற்றிய இலையின் கரும்பச்சைக்குப் போகும் மெல்லிய மாற்றத்தையோ போட்டால் பட்டை பட்டையாக உடைந்துபோகும். மலையகத்தின் நிறங்கள் பெரும்பாலும் அந்த மெல்லிய வகைதான். அதனால் எங்கள் பக்கத்து வேலைகளுக்கு எம்.பி.4 வீடியோவாக எடுப்பதே நல்லது.

பந்தலிடம் இந்தத் திரைகள் கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. பழைய பந்தல்களில் மோட்டரில் சுழலும் ஓர் உருளையும் அதில் தைத்த செப்புத் தகடுகளும்தான் எந்த வரிசை பல்பு எப்போது எரியவேண்டும் என்று தீர்மானித்தன. தகட்டின் நீளம்தான் வெளிச்சத்தின் நேரம். தகடு இல்லாத இடம் இருட்டு. அந்த இருட்டையும் ஒருவர் அளந்து வைத்திருப்பார். முழுப் பந்தலும் ஒரு கணம் அணைந்து, பிறகு நடுப்பூ மட்டும் எரியும்போது கூட்டம் ஓவென்று சத்தம் போடுவது அந்த இடைவெளிக்காகத்தான். கலைடாஸ்கோப் அசைபடங்களில் இடைவெளியே கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஜிம்பில் ஒரு சட்டம் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதை லேயரின் பெயரிலேயே எழுதிவிடலாம். வசதி இருந்தும் பயன்படுத்துபவர்கள் குறைவு.

வேகத்தைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமோன் கார்ட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியதில் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு செக்கனில் மூன்று தடவைக்கு மேல் மின்னக்கூடாது என்பது இன்று இணையத் தளங்களுக்கான அணுகல் விதிகளில் ஒன்று. இருட்டுக்குள் பெரிய திரை, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகள்: எங்கள் திருவிழா மேடைகளில் இந்த ஆபத்து குறைவல்ல.

கண்ணாடி எதை அழிக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி 60 மீற்றருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுகிறது. அதன் போட்டோவைப் பன்னிரண்டு கூறாக்கினால் தண்ணீர் எல்லாத் திசையிலிருந்தும் மையத்தை நோக்கிப் பாயும். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் விழுகை போய்விடும். கண்ணாடிக்கு மேலும் கீழும் கிடையாது. தெமோதரைக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தையும் அது அழகான வளையமாக்கிவிடும், பள்ளத்தாக்கு காணாமற்போகும். ஊவாவின் தோட்டங்களில் வாழ்க்கை என்பதே சரிவோடு உள்ள உறவு. கூடை நிறைந்த பாரத்தோடு எந்தப் பக்கம் இறங்கலாம், மழைக்கு எந்த மேடு சரியும், லயத்திலிருந்து ரோட்டுக்கு எத்தனை படி என்பதெல்லாம் சரிவின் கணக்குகள். அதைச் சமன்படுத்திவிடுகிற கருவியால் இந்த மண்ணைக் காட்டிவிட்டோம் என்று சொல்லமுடியாது.

கொழுந்து பறிக்கும் பெண்களின் போட்டோவை ஆப்பாக வெட்டிப் போடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. ஒரு விரல் பன்னிரண்டு விரலாகும், ஒரு முகம் பாதியாகி மறுபாதியும் அதுவே ஆகும். யார் என்று தெரியாது. மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்தக் காலத்தில் இந்தப் பெண்களை அஞ்சலட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் பெயரில்லாத உருவங்களாகத்தான் அச்சடித்தார்கள். எங்கள் பிள்ளைகளின் கையில் மென்பொருள் கிடைத்த பிறகும் அம்மாவைப் பூவேலையாக்கிவிட்டால், மற்றவர்கள் செய்ததிலிருந்து இது எப்படி வேறுபடும்?

அதற்குப் பதிலாக எதைப் போடலாம் என்று கேட்டால், வாசலில் போடும் கோலத்திலிருந்து தொடங்கலாம் என்பேன். கண்ணாடியால் செய்யமுடியாத ஒன்று கோலத்தில் உண்டு. கண்ணாடி தரும் எந்த வடிவத்துக்கும் இடமும் வலமும் ஒத்த அச்சு இருந்தே தீரும். சிக்குக் கோலங்கள் சிலவற்றில் அந்த அச்சு இல்லை. இழைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சுழித்துக்கொண்டு போகும், சுற்றினால் பொருந்தும், திருப்பினால் பொருந்தாது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். கணினியில் வடிவம் உண்டாக்குவது எங்களுக்கு வெளியிலிருந்து வந்த சங்கதி என்று நினைக்கவேண்டியதில்லை.

தேயிலை பெக்டரிக்குள்ளும் அப்படி ஒரு சுழி இருக்கிறது. வாட்டிய கொழுந்தை உருட்டும் ரோலரின் மேசையில், நடுவில் ஒரு கூம்பும் அதைச் சுற்றிப் பிறை வடிவில் வளைந்த பட்டிகளும் பதித்திருக்கும். எல்லாப் பட்டியும் ஒரே பக்கம் வளைந்திருக்கும். அந்த மேசையைக் காலியாக இருக்கும்போது மேலிருந்து போட்டோ எடுத்து ஜிம்பின் ஃபில்டரில் போட்டால் வளைவு உடைந்து வெறும் இதழ்களாகிவிடும். ஆப்பைத் திருப்பாமல் சுற்றி மட்டும் அடுக்கினால் சுழி அப்படியே நிற்கும். ஆனால் இப்போது ஒட்டுகள் தாமாகப் பொருந்தாது. பட்டிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் வெட்டவேண்டும், பொருந்தாத இடத்தைக் கையால் மென்மைப்படுத்தவேண்டும். பிறகு ஒரு பக்கம் சுழற்றினால் பட்டிகள் நடுவுக்கு இழுப்பதுபோலவும், மறுபக்கம் சுழற்றினால் வெளியே தள்ளுவதுபோலவும் தோன்றும். மேடைக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்பதை அந்த ரோலரில் வேலை செய்த ஒருவரிடமே கேட்டு முடிவு செய்யலாம்.