முதுகைத் தொடும் கை யாருக்குப் பதில் சொல்லும்?

கேரளத்தின் இடுக்கி மலையில், காந்தலூர்ப் பக்கத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டவர் பெரும்பாலும் முதலில் தேடுவது சுளுக்கெடுப்பவரைத்தான். சரிவு நிலத்தில் பூண்டு மூட்டையையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் ஏற்றி இறக்கும் ஊர் இது. கீழே மறையூரில் கரும்பு வெட்டும் வேலை, வெல்லம் காய்ச்சும் வேலை. இடையில் ஜீப் குலுக்கல். அஞ்சுநாடு என்னும் இந்த மலைப்பகுதியின் முதுகுகளுக்கு ஓய்வு கிடையாது. எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் மூணாறு, அடிமாலி என்று போக வேண்டும். இல்லையென்றால் சின்னாறு காட்டைக் கடந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்க வேண்டும். மறையூரிலிருந்தே அது ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நிமிர முடியாத இடுப்போடு அந்த வளைவுகளில் உட்கார்ந்து போவதைவிட, எண்ணெய் போட்டு நீவிவிடுபவரின் திண்ணையில் குப்புறப் படுப்பது யாருக்கும் எளிதாகவே படும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இந்தக் களத்துக்கு இப்போது இன்னொருவரும் வந்திருக்கிறார்: கைரோபிராக்டர். ஊருக்குள் அவர் கடை போடவில்லை. கைப்பேசி வழியாக வந்திருக்கிறார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து வெடுக்கென்று திருப்புகிறார், ‘படக்’ என்று சத்தம் வருகிறது, படுத்திருப்பவர் கண்ணீரோடு சிரிக்கிறார். இலட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குழி உண்டாவதால் வருவது. இடம் மாறிய எலும்பு திரும்ப உட்காரும் சத்தம் அல்ல. ஆனால் வீடியோவில் அதுதான் கதாநாயகன். கோவை, கொச்சி போன்ற நகரங்களுக்கு அதைத் தேடிப் போகும் முதுகுகள் உண்டு.

இந்த இருவரையும் ஒன்றாக வைத்துப் பேசுவது இரு தரப்புக்கும் பிடிக்காது. ஒருவர் பரம்பரையைச் சொல்வார், மற்றவர் வெளிநாட்டுப் பட்டத்தைச் சொல்வார். ஆனால் சட்டத்தின் முன்னால் இருவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டம் இல்லை, கவுன்சில் இல்லை, பதிவேடு இல்லை. மருத்துவத் துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பிசியோதெரபியைத் தன் அட்டவணையில் சேர்த்தது. கைரோபிராக்டிக் அதில் இல்லை. முழுப் பயிற்சிக்கு 4200 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வரையறுத்தது. அந்தப் பயிற்சியை முடித்தவரும், இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தவரும் இங்கே ஒரே மாதிரி பலகை மாட்டலாம். பலகையைப் பார்த்து நோயாளியால் பிரித்தறிய முடியாது.

அப்படியானால் உரிமம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? இந்தத் தொழிலின் வரலாறு அவ்வளவு சுலபமான பதிலைத் தரவில்லை. 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில், டேனியல் டேவிட் பால்மர் ஒரு கட்டடத் துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தி அவருடைய செவிட்டுத்தன்மையைப் போக்கியதாகச் சொன்னார். நோய்களில் மிகப் பெரும்பாலானவை முதுகெலும்புக் கண்ணிகள் இடம் பிசகுவதால் வருபவை என்ற கோட்பாடு அங்கிருந்து பிறந்தது. உரிமமில்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906-இல் அவர் சிறைக்குப் போனார். அவர் இறந்த 1913-ஆம் ஆண்டிலேயே கான்சாஸ் மாநிலம் கைரோபிராக்டர்களுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா 1974-இல்தான் இறங்கி வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் இவர்களை ஒழித்துக்கட்டவே ஒரு குழு வைத்திருந்தது. அந்தப் புறக்கணிப்பு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று 1987-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவு நீண்ட போராட்டத்தில் கேட்கப்பட்டதெல்லாம் தொழில் செய்யும் உரிமை. பால்மரின் கோட்பாடு உண்மையா என்று எந்தச் சட்டமன்றமும் சோதிக்கவில்லை. சோதிப்பது சட்டமன்றத்தின் வேலையும் அல்ல. ஆனாலும் உரிமம் கிடைத்ததும் கோட்பாட்டுக்கே அரசு முத்திரை குத்தியதுபோல ஆயிற்று.

பிரிட்டனில் 1994-இல் தனிச் சட்டம் வந்தது, அதன்படி பின்னர் பொது கைரோபிராக்டிக் கவுன்சில் அமைந்தது. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரையே பயன்படுத்த முடியாது. 2008-இல், பஞ்சாபிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், குழந்தைகளின் வயிற்றுவலி, காது நோய், ஆஸ்துமா ஆகியவற்றைக்கூட முதுகெலும்பை அழுத்திக் குணப்படுத்தலாம் என்ற பிரச்சாரத்துக்குச் சான்றே இல்லை என்று ‘கார்டியன்’ இதழில் எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிங்கின் பக்கம் சாய்ந்ததும் சங்கம் வழக்கைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஆர்வலர்கள் கைரோபிராக்டர்களின் இணையதளங்களைத் துருவி, நூற்றுக்கணக்கானோர்மீது கவுன்சிலிடம் புகார் கொடுத்திருந்தார்கள். கண்ணிப் பிசகு என்ற கோட்பாடு ஒரு வரலாற்றுக் கருத்து மட்டுமே, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்று அந்தக் கவுன்சிலே அதே 2010-இல் அறிவிக்க நேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்த கவுன்சிலை வெளியாட்கள்தாம் உலுக்கி எழுப்பினார்கள். என்றாலும், உலுக்குவதற்கு அங்கே ஒரு கவுன்சில் இருந்தது.

இன்னொரு சம்பவம். 2017-இல் அதே பிரிட்டனின் யார்க் நகரில் 80 வயது முதியவர் ஒருவர் கைரோபிராக்டிக் சிகிச்சையின்போது கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இறந்தார். அவருடைய முதுகெலும்புத் தசைநார்கள் வயதினால் எலும்பாக இறுகிப்போயிருந்தன. 2019-இல் நடந்த விசாரணையில், சிகிச்சைக்கு முன் எக்ஸ்ரே போன்ற படம் எடுப்பதைப் பற்றிக் கவுன்சில் யோசிக்க வேண்டும் என்று மரண விசாரணை அதிகாரி கூறினார். உரிமம் அந்த முதியவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் அதிகாரி எழுதவேண்டிய கடிதத்துக்கு ஒரு முகவரி இருந்தது. அதே விபத்து நம் பக்கத்தில் நடந்திருந்தால், போலீஸ் நிலையத்தைத் தவிர வேறு எந்தக் கதவைத் தட்டுவது?

இதைச் சொல்வதால் கைவைத்தியமே வீண் என்று ஆகிவிடாது. சாதாரண இடுப்புவலிக்கு முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்யும் முறை ஓரளவு பயன் தரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அது ஒரு தெரிவாக இடம்பெற்றிருக்கிறது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல், உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டும் சரி என்கிறது. நாட்பட்ட இடுப்புவலிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2023 பரிந்துரையும் நிபந்தனையோடு ஏற்கிறது. பயன் மிதமானது, மற்ற நல்ல சிகிச்சைகளைவிட உயர்ந்தது என்று சொல்ல முடியாது. கழுத்தை வெடுக்கென்று திருப்புவதோ வேறு விஷயம். அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தானே சரியாகக்கூடிய ஒரு கழுத்துப் பிடிப்புக்கு அந்த விலை அதிகம்.

இனி நம்மூர்க் கைக்கு வருவோம். கேரளத்தில் களரி வழி வந்த மர்ம வைத்தியர்கள், குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள், தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் ‘புத்தூர் கட்டு’ப் பலகை வைத்திருப்பவர்கள் என்று இந்த மரபுக்குப் பல கிளைகள். இவர்களின் பலம் எது என்று கேட்டால் நான் எண்ணெயைச் சொல்லமாட்டேன்; நேரத்தைச் சொல்வேன். ஓ.பி. வரிசையில் இரண்டு நிமிடம் கிடைக்கும் நோயாளிக்கு இங்கே அரை மணி நேரம் கிடைக்கிறது. வலிக்கிற இடத்தை ஒருவர் தொட்டுப் பார்க்கிறார், கேட்கிறார். பிசகு நேர்ந்தால் மறுநாள் டீக்கடையில் முகம் கொடுத்துப் பேச முடியாது என்ற பயமும் அவருக்கு உண்டு. வீடியோ வைத்தியருக்கு அந்தப் பயம் கிடையாது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஊர்ப் பேச்சு சுளுக்கைக் கணக்கில் வைக்கும். நோயறிதலில் நேர்ந்த பிழையை வைக்காது. முதுகுவலி என்று வருகிறவர்களில் ஒருவருக்கு முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம், இன்னொருவருக்குப் புற்றுநோய் பரவியிருக்கலாம். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அபூர்வமல்ல. மாதக்கணக்கில் நீவிவிட்டுக் கடைசியில் கால் மரத்துப்போன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், ஊர் சொல்வது ‘ஆஸ்பத்திரியில் கெடுத்துவிட்டார்கள்’ என்பதுதான். மூங்கில் தப்பையை இறுக்கிக் கட்டியதால் இரத்த ஓட்டம் நின்று, விரலையோ கையையோ எடுக்க நேர்ந்த கதைகள் எலும்பு மருத்துவர்களுக்குப் பழக்கமானவை.

2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் இந்த மரபின்மேல் கை வைத்தது. கேரள ஆயுர்வேத பாரம்பரிய வைத்தியர்களின் அமைப்பு தொடுத்த வழக்கில், அங்கீகரிக்கப்பட்ட படிப்போ பதிவோ இல்லாதவர்கள் பரம்பரையைக் காட்டி ஆயுர்வேதமோ சித்தமோ யுனானியோ பார்க்க முடியாது என்று நீதிபதிகள் ஆர்.கே. அகர்வாலும் மோகன் எம். சாந்தனகவுடரும் தீர்ப்பளித்தார்கள். 1953-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவத் தொழிலர் சட்டமும் 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்திய கவுன்சில் சட்டமும் அன்று அதற்கு அடிப்படையாயின. அப்பா செய்தார், தாத்தா செய்தார் என்பது தகுதிச் சான்று ஆகாது என்ற நிலைப்பாட்டில் எனக்கு மறுப்பில்லை. சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் வர்மமும், தொக்கணம் என்னும் நீவும் முறையும் பாடமாகவே உள்ளன. படித்து வருபவர்க்கு வழி திறந்திருக்கிறது. ஆனால் தீர்ப்பு ‘வைத்தியர்’ என்ற பலகையைத்தான் இறக்குகிறது. பலகையே இல்லாமல் திண்ணையில் நீவிவிடும் கை அப்படியே இருக்கிறது, முன்பைவிட மறைவாக. தான் செய்வது தவறென்று சட்டம் சொல்வதாக நினைப்பவர், விபரீதம் நேர்ந்தால் நோயாளியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாரா, மூடி மறைப்பாரா?

மற்றச் சட்டங்களும் இந்தக் கையைத் தவறவிடுகின்றன. 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம், பக்கவாதம், நரம்பு மண்டல நோய்கள் முதல் உயரத்தைக் கூட்டுவது வரை விளம்பரம் செய்யத் தடைவிதிக்கிறது. ஆனால் அது மருந்தையும் மந்திர தந்திரத்தையும் குறிவைத்து எழுதப்பட்டது. வெறும் கையால் உயரத்தைக் கூட்டுவதாகச் சொல்பவரை அதன் வாசகத்துக்குள் அடைப்பது சிரமம். நுகர்வோர் சட்டத்துக்குள் மருத்துவச் சேவை வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் சேவை வராது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கட்டணம் பேசாமல், வெற்றிலையில் வைத்ததை வாங்கிக்கொள்வது நம் வைத்தியரின் பெருமை. அந்தப் பெருமையே நோயாளியின் வழக்கை வலுவிழக்கச் செய்கிறது. ரசீது இல்லை, குறிப்பேடு இல்லை. எல்லைப் பகுதியின் சிக்கல் வேறு: நோயாளி இடுக்கி மாவட்டத்துக்காரர், சிகிச்சை நடந்தது உடுமலையில் என்றால், கேரளச் சட்டம் சின்னாறு சோதனைச் சாவடியோடு நின்றுவிடும்.

தொழில் நடத்தை என்று பார்த்தால், புதியவர்களிடம்தான் எனக்குப் புகார் அதிகம். நோயாளியின் முகத்தையும் அலறலையும் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். வலியில் படுத்திருப்பவர் கொடுக்கும் சம்மதம் எவ்வளவு சம்மதம்? பத்து சிட்டிங்குக்கு முன்பணம் வாங்கும் ‘பேக்கேஜ்’ முறை, மூன்றாவது சிட்டிங்கில் குணமானவரையும் பத்து வரை இழுக்கும். மூடிய ஏ.சி. அறையில் பெண் நோயாளியோடு இன்னொரு பெண் இருக்க வேண்டும் என்ற விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. திண்ணை வைத்தியத்தில் கூட வந்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றிருப்பார்கள். அது கூச்சம் தந்தாலும் ஒரு காவல். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்பதிலும் தெளிவில்லை. கவுன்சில் உள்ள பிசியோதெரபிஸ்டுகள் விஷயத்திலேயே, 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் போடக் கூடாது என்று கடிதம் அனுப்பிவிட்டு மறுநாளே திரும்பப் பெற்றது.

தடைக்கும் கண்டுகொள்ளாமைக்கும் நடுவில் ஒரு சோதனை முயற்சி ஏற்கெனவே இருக்கிறது. இந்தியத் தர கவுன்சில், ஊர் வைத்தியர்களுக்குத் தன்னார்வச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. எலும்பு கட்டுதல் அதில் ஒரு பிரிவு. கையில் உள்ள திறனை நேரில் பார்த்து மதிப்பிடுகிறார்கள், குலப்பெருமையைக் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் தொழில் செய்யும் சட்ட உரிமையைத் தராது. அதனால் அதை வாங்க ஆசையும் எழாது. கான்சாஸ் கொடுத்தது சோதிக்காத உரிமை, இது உரிமையில்லாத சோதனை. இரண்டும் பாதிதான்.

காந்தலூர் போன்ற ஊருக்கு நான் கேட்பது சிறியது. ஊராட்சியின் சுகாதார மையத்தில் ஒரு பெயர்ப் பட்டியல். அதில் இருப்பவர் ‘வைத்தியர்’ என்று பலகை வைக்க வேண்டாம், எந்த மருத்துவ முறையின் பெயரையும் சொல்ல வேண்டாம். நீவுவது, தடவுவது, சுளுக்கெடுப்பது மட்டும். யாருக்கு, என்றைக்கு, என்ன செய்தார் என்று ஒரு நோட்டு. புகார் வந்தால் பெயர் நீக்கப்படும். இது போலிகளுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுவதாகும் என்று மருத்துவர்கள் எதிர்ப்பார்கள். பால்மரின் கதையைப் படித்தவனுக்கு அந்தப் பயம் நியாயமாகவே தோன்றும். அதனால் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது செய்யக் கூடாதவற்றை: கழுத்தை வெடுக்கென்று திருப்பக் கூடாது. முறிந்த எலும்பைப் படம் பார்க்காமல் கட்டக் கூடாது. கைக்குழந்தையைத் தொடக் கூடாது. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைதல், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் அல்லது தானாகப் போதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெயைக் கையில் எடுக்காமல் அன்றைக்கே ஜீப் ஏற்றி அனுப்ப வேண்டும். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். தமிழிலும் மலையாளத்திலும் அச்சடிக்கலாம். முதுவான் பழங்குடியினரின் குடிகளுக்கு ஆஷா பணியாளர்கள் நேரில் போய்ச் சொல்லலாம்.