இரண்டு பட்டியல்களுக்கு நடுவே

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்கள் சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ நாட்டுக்குள் நுழைய முடியாது. நவம்பர் 21 முதல் இது நடைமுறைக்கு வருகிறது என்று ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் டிராவல் ஏஜென்ட்டுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பின. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் வந்தது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களை இந்த விதி நேராகத் தொட்டது. இங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அதனால் ஒரே வீட்டுக்குள் பெயர்கள் மூன்று விதமாக அமைந்துவிடுகின்றன. அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. அம்மாவுடையதில் அந்த இடத்தில் கணவர் பெயர். பிள்ளையுடையதில் அப்பா பெயர். டிக்கெட் போடும்போது சில விமான நிறுவனங்கள் ஒற்றைப் பெயரையே இரண்டு கட்டங்களிலும் எழுதச் சொல்லும். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் 'எஃப்.என்.யு.' என்று அச்சிட்டுவிடுவார்கள்.

அந்தப் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஒரே பீரோவில் இருப்பவை. ஆனாலும் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற வழக்கம் மிகச் சில வீடுகளில்தான் உண்டு. டிக்கெட் எடுக்கும் அவசரத்தில் ஒருவர் மட்டும் திறக்கிறார், எண்களைக் குறித்துக்கொள்கிறார், மூடி வைத்துவிடுகிறார்.

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குத் தமிழ் நடுத்தரக் குடும்பம் ஆயத்தமாகிற விதத்தை எடைபோட இந்தப் பீரோவே நல்ல தொடக்கம். உழைப்பில் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லவே முடியாது. ஆண்டு முழுக்கச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம், உறவுக்காரர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பெரிய பெட்டி, பெங்களூரு அண்ணி கொடுத்தனுப்பிய ஸ்வெட்டர், எதிர்வீட்டில் ஒப்படைக்கும் சாவி, பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லி வைப்பது என எத்தனையோ பேரின் கைபட்டு அந்தப் பயணம் உருவாகிறது. இது பெரிய பலம். குறை என்பது வேலையைப் பிரித்துக்கொள்கிற விதத்தில் இருக்கிறது. காகிதம் எல்லாம் பெரும்பாலும் அப்பாவிடம். அடுப்பும் பெட்டியும் அம்மாவிடம். இரண்டு பட்டியல்கள் தனித்தனியே நீள்கின்றன. ஒருவர் பட்டியலை மற்றவர் படிப்பதில்லை. பயணத்தில் வரும் சிக்கல்களில் கணிசமானவை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுபவை.

சமையலறையிலிருந்து பார்க்கலாம். பருப்புப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, தட்டை, சிறிய ரைஸ் குக்கர், இரண்டு கிலோ அரிசி. வெளிநாட்டுக்குப் போயும் சாம்பார் சாதமா என்று இதைக் கேலி செய்வது நாகரிகமாகிவிட்டது. அந்தக் கேலி நியாயமற்றது. நள்ளிரவில் போய் இறங்குகிற குடும்பத்தில் ஐந்து வயதுக் குழந்தையும் சர்க்கரை நோயுள்ள தாத்தாவும் இருந்தால், கடை தேடி அலையாமல் வயிறு நிறைவது சிறு விஷயமில்லை. முட்டைகூடத் தொடாத பாட்டி பாரிஸையும் சூரிக்கையும் பார்க்க முடிந்ததற்கு இந்தப் பொடி டப்பாக்களும், சமையல்காரரையே உடன் அழைத்துச் செல்லும் குழுச் சுற்றுலாக்களும் காரணம். அவை இல்லாவிட்டால் அவர் வீட்டிலேயே விடப்பட்டிருப்பார்.

சிக்கல் டப்பாவுக்குள் இருப்பதில் வருகிறது. வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா இருக்கும். அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வருகிறது. பொடி அரைத்தவருக்கு அதில் கசகசா சேர்த்தது தெரியும், அந்த நாட்டின் சட்டம் தெரியாது. விசா விண்ணப்பித்தவர் சுங்க விதிகளைப் படித்திருந்தாலும் பொடியில் என்ன இருக்கிறது என்று அறியமாட்டார். இருவரும் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

ஐரோப்பாவுக்கு விதி வேறு. வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. ஆகவே பால்கோவா கூடாது. 2019 டிசம்பர் 14 முதல் பதப்படுத்தாத தாவரப் பொருள்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. தேங்காயும் வாழைப்பழமும் தாராளமாகப் போகலாம், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை போக முடியாது. ஆஸ்திரேலியா இன்னும் கண்டிப்பானது. 2019 அக்டோபரில் சிட்னி விமான நிலையத்தில் வியட்நாமியப் பெண் ஒருவர் பன்றி இறைச்சி உள்ளிட்ட பத்துக் கிலோவுக்கும் மேலான உணவை அறிவிக்காமல் கொண்டுவந்ததற்காக அவருடைய விசாவே ரத்தானது. அவர் கொண்டுவந்ததும் உணவுதான். அந்த நாட்டில் எந்த உணவையும் படிவத்தில் அறிவித்துவிட்டால், மோசமாக நடந்தாலும் பொருள்தான் பறிபோகும். மறைத்தால்தான் அபராதமும் விசா ரத்தும். பெட்டி கட்டியவருக்கே இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் படிவத்தை நிரப்புபவருக்குப் பெட்டிக்குள் இருப்பது தெரியாது.

மருந்தில் இந்த இடைவெளி ஆபத்தாகவே மாறுகிறது. தாத்தா பாட்டியின் மாத்திரைகளை ஸ்டிரிப்பிலிருந்து பிரித்து, காலை, மதியம், இரவு என்று ஒரு டப்பாவில் அடுக்கிக் கொடுப்பது அன்பான வேலை. எல்லையில் அதே டப்பா பெயரற்ற மாத்திரைகளின் குவியல். முதியோருக்கு இங்கே சர்வசாதாரணமாக எழுதிக் கொடுக்கப்படும் தூக்க மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து, ட்ரமடால் வகை வலி நிவாரணிகள் ஆகியவை பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. 2017-இல் எகிப்தின் ஹுர்காதா விமான நிலையத்தில் 290 ட்ரமடால் மாத்திரைகளுடன் பிடிபட்ட பிரிட்டன் பெண், துணைவரின் முதுகுவலிக்காகக் கொண்டுவந்ததாகச் சொன்னார். மூன்றாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இத்தகைய மருந்துகளுக்கு அமீரக அரசிடம் இணையத்திலேயே முன் அனுமதி பெறலாம். சிங்கப்பூரிலும் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அதற்கான வழி உண்டு. மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் குறிப்பிட்ட மருத்துவர் கடிதம், மருந்துச் சீட்டு, பிரிக்காத அட்டை ஆகிய மூன்றும் எங்கு போனாலும் வேண்டும். இங்குள்ள வணிகப் பெயரைச் சொன்னால் ஜெனீவா மருந்துக்கடையில் யாருக்கும் புரியாது. இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோகக்கூடும்.

காப்பீட்டு விண்ணப்பத்திலும் இதே கதை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால், அங்கே போகிறவர்கள் வாங்கிவிடுகிறார்கள், பெரும்பாலும் இருப்பதிலேயே விலை குறைந்ததை. மலேசியாவும் தாய்லாந்தும் கேட்பதில்லை என்பதால் அங்கே போகிறவர்களில் பலர் வாங்குவதே இல்லை. ஊரில் எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்திய மருத்துவமனைகளுக்கு மட்டுமே செல்லும். இரவு பதினோரு மணிக்கு மகன் தன் கைபேசியில் விண்ணப்பத்தை நிரப்புகிறான். 'ஏற்கெனவே நோய் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்திவிடுகிறான். அம்மா எட்டு ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவது அவன் மனைவிக்குத் தெரியும். அவளிடம் கேட்கவில்லை. நாளை அம்மாவுக்கு வெளிநாட்டில் நெஞ்சுவலி வந்தால், அந்த ஒரு 'இல்லை'யைக் காட்டியே நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

இனி காகிதம். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்தாண்டுக்குச் செல்லும், பிள்ளைகளுடையது ஐந்தாண்டுக்குத்தான். எல்லோருக்கும் ஒன்றாக எடுத்ததால் ஒன்றாகவே முடியும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து போன்ற நாடுகள் ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகள் திரும்பும் நாளிலிருந்து மூன்று மாதம் கேட்கின்றன. காலாவதியாகாத பாஸ்போர்ட்டும் இந்தக் கணக்கில் செல்லாமல் போகும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை ஏப்ரல் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது, எல்லோரும் அந்த வாரங்களுக்கே நேரம் கேட்கிறார்கள். மே மாதப் பயணத்துக்கு நவம்பரிலேயே கதவு திறந்திருப்பதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 2024 ஜூன் 11 முதல் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45. பெற்றோரும் பதினான்கு வயது மகளும் எட்டு வயது மகனும் விண்ணப்பித்தால் 315 யூரோ. மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது. நால்வரில் ஒருவருக்கு மறுக்கப்பட்டாலும் குடும்பப் பயணம் நின்றுபோகும் என்பதால், விசா வருவதற்குள் ரத்துசெய்ய முடியாத டிக்கெட்டுக்கு முழுப்பணம் கட்டுவது வீணான துணிச்சல். விண்ணப்பத்துக்கு முன்பதிவே போதும்.

கென்யாவுக்கு விலங்குகளைப் பார்க்கப் போகும் குடும்பம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். திரும்பி வரும்போது அந்தச் சான்றிதழை இந்தியாவே கேட்கும். இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தவும் செய்யும்.

இத்தனையையும் பார்த்துக் களைத்தவர்கள் டிராவல் ஏஜென்ட்டிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை. சிங்கப்பூர் விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. நல்ல ஏஜென்ட் பெயர்க் குழப்பத்தை முதல் நாளிலேயே கண்டுபிடிப்பார். அவரால் முடியாதது ஒன்று உண்டு: வீட்டுக்குள் இருக்கும் செய்தியை அவர் அறியமுடியாது. பாட்டியின் முழங்கால் வலியை யாரும் அவரிடம் சொல்வதில்லை. சொல்லாததால் பத்து நாளில் ஆறு நாடு என்ற திட்டம் அப்படியே கையெழுத்தாகிறது. சக்கர நாற்காலியும் முன்கூட்டிக் கேட்கப்படாமல் போகிறது. குழுச் சுற்றுலாவின் அவசர ஓட்டத்தைப் பலர் குறைசொல்கிறார்கள். எந்த நாளில் யார் அறையிலேயே ஓய்வெடுப்பார்கள் என்பதை வீட்டில் பேசி முடிவுசெய்தால் அந்த ஓட்டத்தில் பாதி குறையும்.

பணமும் ஒருவர் கைபேசியில்தான் இருக்கிறது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமாகச் செயல்படுத்தும் வரை மூடியே இருக்கும். இணையப் பரிமாற்றத்துக்கான ஓ.டி.பி. இந்திய எண்ணுக்கு வரும். ரோமிங் போடாமல், போன இடத்துச் சிம்மை மாற்றிக்கொண்டால் அது வராது. அந்த ஒரு கைபேசி பாங்காக்கில் தொலைந்தால் டிக்கெட், ஹோட்டல் முகவரி, காப்பீட்டு எண், பணம் நான்கும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. அம்மாவின் பெயரில் தனியாக ஒரு கார்டு, அதைச் செயல்படுத்திப் பழகிப் பார்ப்பது, எல்லாத் தாள்களின் நகலும் இன்னொரு பையில் இருப்பது என்று இதற்குச் செலவு மிகக் குறைவு.

எல்லோரும் எல்லாவற்றிலும் தலையிட்டால் வேலை நடக்காது, சண்டைதான் மிஞ்சும் என்று சொல்வார்கள். அனுபவசாலிகளின் பேச்சு அது, ஒதுக்கிவிட முடியாது. பொறுப்பு ஒருவரிடம் இருப்பதால்தான் கெடு தவறாமல் விண்ணப்பம் போகிறது. முடிவை ஒருவர் எடுக்கலாம். செய்தி மட்டும் எல்லோரிடமும் இருக்க வேண்டும். இப்போதைய வழக்கத்தில் இன்னொரு அநீதியும் இருக்கிறது. புறப்படும் நாள் வரை பொடி வறுத்து, துணி அயர்ன் செய்து, பெட்டி கட்டி, பால்காரருக்குக் கணக்குத் தீர்த்து, நள்ளிரவு விமானத்துக்குக் களைத்துப்போய் ஏறுகிற அம்மாவுக்கு எந்த ஹோட்டலில் தங்குகிறோம் என்றே தெரிந்திருக்காது. குடியேற்ற அதிகாரி அதை அவரிடமே கேட்கக்கூடும். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் உட்பட எல்லோரும் விடை சொல்லிப் பழகுவதற்கு ஒரு மாலை போதும்.

பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடிய வேலையும் இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்குத் தந்தது. அடுத்த மாதமே இணைய வருகை அட்டை கட்டாயமானது. சிங்கப்பூருக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. தாய்லாந்து 2025 மே 1-இல் தொடங்கியது. மூன்றையும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றும் இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, இந்த இலவச அட்டைக்குப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் நிறைய உள்ளன. அசலான தளத்தைத் தேடிப்பிடிப்பதும், பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொருவர் பெயரையும் எழுத்துப் பிழையின்றி நிரப்புவதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடினமே இல்லை. நிரப்பும்போது தாத்தாவின் பெயர் ஏன் ஒரே சொல்லாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளை கேட்கும். மே மாதப் பயணத்துக்கு அந்தக் கேள்வி நவம்பரிலேயே எழுந்தால் பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்க நேரம் இருக்கும்.