விழியிலார் இசையும் விமரிசன நெறியும்

கலைஞன் ஒருவனை மதிப்பிடப் புகுவோர் அவன் கலையையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும் என்பது யாவரும் ஒப்பும் நெறியாகும். ஆயினும் விழியிழந்த இசைவாணரைப் பற்றி எழுதுங்கால் இந்நெறி எளிதிற் கைவிடப்படுகின்றது. 'கண் இல்லாதிருந்தும் இத்துணைச் சிறப்பாக வாசிக்கின்றாரே' என வியப்பார் ஒரு சாரார். 'கண் இல்லாமையினாலேயே செவி கூர்மை பெற்றது. அக்கூர்மையே அவர் பாணியாயிற்று' என விளக்குவார் மற்றொரு சாரார். முன்னவர் கூற்று இரக்கத்தின்பாற் பட்டது. பின்னவர் கூற்று ஆராய்ச்சி போலத் தோன்றுவது. இரண்டும் இசையைக் கேளாமலே சொல்லத்தக்கவை. இவற்றுள் பின்னையது உண்மைக்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தமிழர்க்கு இப்பொருள் புதிதன்று. வீரராகவ முதலியார் என்னும் புலவரை 'அந்தகக்கவி' என்னும் அடையின்றி நாம் சுட்டுவதில்லை. அவர் கவித்துவத்திற்கு முன்னே அவர் குருடு வந்து நிற்கின்றது. இசைத்துறையிலே கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872 - 1904) சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். தியாகராஜ சுவாமிகளின் மாணாக்கரான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் பயின்று, புல்லாங்குழலைக் கச்சேரி மேடையில் தனித்து நிற்கும் கருவியாக உயர்த்தியவர் அவரே. முப்பத்திரண்டு ஆண்டளவே வாழ்ந்த அவருடைய வாசிப்பை நேரிற் கேட்டவர் இன்று எவருமிலர். வயலின் கலைஞர் எம். சந்திரசேகரனோ இளமையிற் பார்வை இழந்தும் நெடுங்காலம் இசையுலகில் வாழ்ந்து, 2005 இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்.

எனினும், குழலும் வயலினும் நம் வினாவைத் தீர்த்து வைக்கமாட்டா. குழலின் துளைகள் வாசிப்போன் விரல்களின் கீழேயே உள்ளன. வயலினில் சுரத்தானங்களைக் குறிக்கும் மெட்டுகள் இல்லை. ஆதலின் கண்ணுடையார்க்கும் அவற்றிற் கண்ணால் விளையும் பயன் சிறிதே. பியானோவின் இயல்பு வேறு. அதன் எண்பத்தெட்டுக் கட்டைகளும் ஏறத்தாழ நான்கடி அகலத்திற் பரந்து கிடக்கின்றன. தொலைவிலுள்ள கட்டைக்குக் கை தாவும்போது கண் உதவும். ஆகவே, பார்வையின்மை ஒருவர் பாணியை வகுக்குமாயின் அது பியானோவிலேதான் வெளிப்படல் வேண்டும். அதிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசை, நம்முடைய இராக ஆலாபனையும் கற்பனைச் சுரமும் போல, அவ்வப்போது மனோதர்மத்தாற் படைக்கப்படுவது. கலைஞனின் உள்ளப்போக்கை உள்ளவாறே காட்டுவது. அத்துறையில் விழியிலார் மூவர் தலைசிறந்து விளங்கினர்.

முதலாமவர் ஆர்ட் டேட்டம் (1909 - 1956). ஒரு கண்ணில் மட்டும் சிறிது பார்வை உடையவர். அவருடைய இடக்கை அடித்தொனியில் ஒரு சுரத்தை ஒலித்து, அடுத்த கணமே நடுப்பகுதியிலுள்ள சுரக்கூட்டுக்குத் தாவும். வலக்கை கட்டைவரிசை முழுவதும் அருவிபோல் ஓடும். கண்ணில்லார்க்கு அரிதென நாம் எண்ணும் தாவலே அவர் பாணிக்கு உயிர்.

இரண்டாமவர் ஜோர்ஜ் ஷியரிங் (1919 - 2011). இலண்டனில் நிலக்கரித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறவிக் குருடராய்த் தோன்றி, 1947 இல் அமெரிக்காவிற் குடியேறினார். 1949 இல் அவர் அமைத்த ஐவர் குழு பெரும்புகழ் பெற்றது. இரு கைகளையும் அருகருகே பிணைத்தாற்போல் வைத்து, பாட்டின் மெட்டை வலக்கையின் மேற்சுரத்திலும் இடக்கையில் ஒரு தாயி தாழ்த்தியும் இசைத்து, இடையே சுரக்கூட்டை நிரப்புதல் அவர் முறை. இதனைக் காண்போர், 'கைகள் அகலாமையின் இது குருடர்க்கு ஏற்ற பாணி' என்று கூற விரைவர். ஆனால் இம்முறையை அவர்க்கு முன்னரே கையாண்ட மில்ட் பக்னர் கண்ணுடையவர்.

மூன்றாமவர் லென்னி டிரிஸ்டானோ (1919 - 1978). இவர் இசை அலங்காரமும் இனிமையும் நாடாது நீண்ட சுரவரிசைகளாய்ச் செல்வது. மெட்டும் தாளமும் முன்னரே வகுத்துக்கொள்ளாமல் 1949 இலேயே தம் குழுவினரோடு இருபாடல்களை இசைத்தட்டில் பதிந்தார். அவர் நெறியைப் பின்பற்றிய மாணாக்கரான லீ கோனிற்ஸ், வோர்ன் மார்ஷ் இருவரும் கண்ணுடையவரே.

ஒரே குறையுடைய மூவர். பாணிகளோ ஒன்றற்கொன்று முற்றும் வேறானவை. ஒரு காரணம் மூன்று மாறுபட்ட காரியங்களை விளைக்குமெனின் அக்காரணத்தால் எதனை விளக்கினோம்? சரப சாஸ்திரிகள் மரபும் இதனையே வலியுறுத்தும். அவர் குழல்வழியைப் பேணி வளர்த்த பல்லடம் சஞ்சீவராவ் கண்ணுடையவர். பின்னர் விரலாட்சியையே மாற்றி வேறு வழி வகுத்த டி. ஆர். மகாலிங்கமும் கண்ணுடையவரே. பாணியை ஆக்குவன குருவும் பயிற்சியும் தெரிவும் ஆம்.

இவ்வுண்மை தெளிந்தால் விமரிசகன் வாய்திறக்கும் உரிமை பெறுகின்றான். ஷியரிங்கின் குழு 1978 வரை நீடித்தது. அந்நெடுங்காலத்தில் நரம்பிசைக் கருவிகளோடு அவர் பதிந்த தட்டுகள் பலவற்றில் இனிமையே எல்லையாகி, முதற்காலத்துத் துணிவு மறைந்தது. மெல் டோர்மே என்னும் பாடகரோடு பின்னர் இணைந்து வாசித்தபோது அத்துணிவும் நுண்மையும் மீண்டன. இவ்வாறு குறையும் நிறையும் பகுத்துரைத்தல் அவர்க்கு இழுக்கன்று. இரக்கங் கொண்டு குறைகூறாது விடுதலே இழுக்கு. கலைஞர் வரிசையினின்று அவரை விலக்கி வைப்பது அது. 2007 இல் அவர் பெற்ற 'சேர்' பட்டம் இசைக்குரியது, விழிக்குரியதன்று.

விபுலாநந்த அடிகள் தொண்டாற்றிய ஊர் திருகோணமலை. 1947 இல் வெளிவந்த தம் யாழ் நூலிலே இசையை வியந்து பாடுவதோடு அமையாது, நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணக்கிட்டு அடிகள் ஆராய்ந்தார். அந்நெறியே நமக்கும் வழிகாட்டுதல் தகும். நாளை லிங்கநகரிலோ உவர்மலையிலோ கண்ணிலாச் சிறுவன் ஒருவன் ஆர்மோனியத்தின் முன் அமர்வானாயின், அவனுக்கு நாம் தரவேண்டுவது எளிய கைதட்டலன்று. சுருதி விலகினால் விலகிற்று என்று சொல்லும் ஆசிரியரும், அவன் இசையை இசையென்றே கேட்கும் அவையும் அவனுக்கு வாய்த்தல் வேண்டும். கண்ணுடைய மாணாக்கர்க்கு நாம் மறுக்காத இவ்வுரிமையை அவனுக்கு மட்டும் மறுத்தல் எவ்வாற்றானும் நீதியாகாது.