பாடநூல் மின்மாற்றியும் சார்ஜர் மின்மாற்றியும்

பிளஸ் டூ இயற்பியல் பாடநூலின் தமிழ்வழிப் பதிப்பு, புதிய பாடத்திட்டத்தின்படி 2019-இல் வெளிவந்தது. அதன் நான்காம் அலகில் மின்மாற்றி விளக்கப்படுகின்றது. பாராட்டத்தக்க பகுதிகள் அதில் உண்டு. 2 மெகாவாட் திறனை 40 ஓம் மின்தடையுள்ள கம்பி வழியே அனுப்பும் கணக்கு அவற்றுள் ஒன்று. 10,000 வோல்ட்டில் அனுப்பினால் 80 விழுக்காடு வழியிலேயே வீணாகும். 1,00,000 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு 0.8 விழுக்காடே. உயரழுத்தக் கம்பிகள் ஏன் மலையேறி வருகின்றன என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

ஆனால் அந்தக் கம்பியின் கடைசி முனையில் உள்ள வீட்டுக்குள் பாடம் நுழையவில்லை. கொல்லிமலை வளப்பூர் நாட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது: "மாலையில் மின்னழுத்தம் தாழ்ந்து குண்டு பல்பு மங்குகிறது, மடிக்கணினிக்கு மட்டும் மின்னேற்றம் குறையாமல் நடப்பது எப்படி?" 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மடிக்கணினி வழங்கியது நம் அரசு, பாடநூல் வழங்குவதும் அதே அரசு. கணினியோடு வந்த அடாப்டரைப் பாடநூலால் விளக்க இயலவில்லை. சுற்றுகளின் விகிதமே மின்னழுத்த விகிதம் என்கிறது நூல். அப்படியானால் 230 வோல்ட்டில் 19 வோல்ட் தரும் கருவி, 160 வோல்ட்டில் 13 வோல்ட்தான் தரவேண்டும்.

விகிதம் தவறன்று, அது போதாது. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்க 19-க்கு 1 என்ற விகிதம் வேண்டும். முதன்மைச் சுருளில் 19 சுற்றும் துணைச்சுருளில் 1 சுற்றும் சுற்றினால் போதுமா? போதும் என்றே வாய்பாடு சொல்லும். செய்து பார்த்தால் ஃபியூஸ் எரியும்.

காரணம் மூன்றாம் அலகிலேயே உள்ளது. காந்தப் பொருள் ஓர் எல்லைக்கு மேல் காந்தமேற்காது; தெவிட்டிவிடும். ஒரு சுருளில் உள்ள வோல்ட்டை அது நீடிக்கும் நொடியால் பெருக்கினால் வருவது வோல்ட்-நொடி. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓர் அரைச்சுற்றில் இது ஏறத்தாழ 2.07. உள்ளகத்தின் குறுக்குப் பரப்பு 6 சதுர செ.மீ., சிலிக்கான் எஃகு ஒரு திசையில் 1.2 டெஸ்லா, மறுதிசையில் 1.2 டெஸ்லா வரை செல்லலாம் எனக் கொண்டால், ஒரு சுற்று தாங்குவது 0.00144 வோல்ட்-நொடி. ஆகவே முதன்மைச் சுருளுக்கு 1,400-க்கு மேற்பட்ட சுற்றுகள் வேண்டும். 19 சுற்றில் உள்ளகம் உடனே தெவிட்டும். பிறகு அச்சுருள் வெறும் செம்புக் கம்பியே.

இனிக் கைப்பேசி சார்ஜரைப் பார்ப்போம். அடாப்டரும் இதே இனம்தான். மின்சாரம் முதலில் 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றப்படுகின்றது. ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்கு 1,00,000 முறை இணைத்துத் துண்டிக்கின்றது. இணைப்பின்போது முதன்மைச் சுருள் காந்த ஆற்றலைச் சேர்க்கும். துண்டித்ததும் அவ்வாற்றல் துணைச்சுருள் வழியே வெளிவரும். ஒவ்வொரு முறையும் இணைப்பு 2 மைக்ரோநொடி நீடித்தால் 650 மைக்ரோவோல்ட்-நொடி ஆகின்றது. 20 சதுர மி.மீ. ஃபெரைட் உள்ளகத்தில் 0.25 டெஸ்லா வரை சென்றால் ஒரு சுற்று தாங்குவது 5. ஆக 130 சுற்றுகள் போதும். அதே ஃபெரைட்டில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேரே செலுத்த 2 இலட்சத்திற்கு மேற்பட்ட சுற்றுகள் வேண்டியிருக்கும்!

மாணவரின் கேள்விக்கும் விடை இங்கேயே உள்ளது. வீட்டு மின்னழுத்தம் தாழ்ந்து நேர்மின்சாரம் 155 வோல்ட் ஆனால், கட்டுப்பாட்டுச் சில்லு இணைப்பு நேரத்தை 4.2 மைக்ரோநொடியாக நீட்டும். பெருக்கிப் பாருங்கள், அதே 650. ஒரு முறைக்கு உள்ள 10 மைக்ரோநொடியில் பாதியே உச்சவரம்பு எனக் கொண்டால், 130 வோல்ட்டோடு வழி அடைபடும். அது 92 வோல்ட் வீட்டு மின்சாரத்திற்குச் சமம். சார்ஜரின் மேல் '100–240 வோல்ட்' என அச்சிட்டிருப்பதன் பொருள் இப்போது விளங்கும்.

அதிர்வெண்ணை மேலும் மேலும் உயர்த்தி மின்மாற்றியைக் கடுகளவாக்கலாமே எனில், எல்லைகள் குறுக்கிடுகின்றன. அதிர்வெண் ஏற ஏற உள்ளகத்தின் தயக்க இழப்பும் சுழல் மின்னோட்ட இழப்பும் ஏறும். மின்தடை மிகுந்த ஃபெரைட் இரண்டாவதை அடக்குமே ஒழிய அழிக்காது. சூடேறினால் தெவிட்டு நிலை தாழும்: 25 டிகிரியில் 0.49 டெஸ்லா தாங்கும் ஒருவகை ஃபெரைட், 100 டிகிரியில் 0.39-ஐயே தாங்கும். செம்பிலும் 1,00,000 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் 0.2 மி.மீ. ஆழத்துக்குள் ஒதுங்கிவிடுவதால், தடித்த கம்பியின் நடுப்பகுதி வீண்.

இவற்றைவிட முக்கியமான எல்லை ஒன்று உண்டு. முதன்மைச் சுருளுக்கும் துணைச்சுருளுக்கும் இடையிலுள்ள காப்பு அதிர்வெண்ணோடு சுருங்காது. நம் கையிலிருக்கும் கைப்பேசிக்கும் 325 வோல்ட்டுக்கும் நடுவே நிற்பது அதுவே. பரப்பின் வழியே சில மில்லிமீட்டர் இடைவெளியும் மூன்றடுக்குக் காப்பும் அதற்கு வேண்டும். மலிவுக்காக இடத்தை மிச்சப்படுத்தும் தரமற்ற சார்ஜர்கள் கைவைப்பது பெரும்பாலும் இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. மின்னேற்றமும் குறைவின்றி நடக்கும். இந்த அறிவு தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று, உயிருக்கும் உரியது.

நூலில் பெரிய மாற்றம் வேண்டுவதில்லை. மூன்றாம் அலகின் தெவிட்டு நிலையை நான்காம் அலகின் மின்மாற்றியோடு இணைக்க ஒரு பத்தி, 'எத்தனை சுற்றுகள்?' எனக் கேட்கும் ஒரு கணக்கு, சார்ஜரின் உள்ளமைப்பைக் காப்போடு காட்டும் ஒரு படம் ஆகியவை போதும். ஆங்கில நூல்களில் இவை ஏராளம். பாடநூல் ஒன்றையே துணையாகக் கொண்ட தமிழ்வழி மாணவருக்கு அந்த ஒரு பக்கத்தை அடுத்த பதிப்பாவது வழங்க வேண்டும்.